ஹைட்ருன் வாங்கிய ரிவால்வர்

ஹைட்ருன் அந்த ரிவால்வருக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்தாள். அந்த நாட்களில் அவள் பாதி எங்களோடும் பாதி வேறெங்கோவும் இருந்தாள். சனிக்கிழமை மதியம் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு வருவாள், நாற்பது தோட்டா சுடுவாள், வெளியே அடுப்பருகில் நின்று சாசேஜ் தின்பாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் வலதுகைச் சுட்டுவிரல் காற்றில் மெல்ல மடங்கும். இல்லாத விசை ஒன்றை அது இழுத்துப் பார்க்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் ஊரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கிளப்பில் என் வேலை இலக்கு அட்டைகளைப் பார்த்துப் புள்ளி போடுவது. ஓட்டை வட்டத்தின் கோட்டைத் தொட்டிருக்கிறதா இல்லையா என்று லென்ஸ் வைத்துச் சொல்வேன். அதனால் ஹைட்ருனுடைய சரிவை முதலில் பார்த்தவன் நான்தான். நானூறுக்கு முந்நூற்று எண்பது என்று சர்வசாதாரணமாகச் சுட்டுக்கொண்டிருந்தவள், நான்கு வருடத்துக்கு முந்தைய ஓர் இலையுதிர் காலத்திலிருந்து முந்நூற்று அறுபதுகளுக்கு இறங்கிவிட்டாள். ஓட்டைகள் நடுவை விட்டுக் கீழே இறங்கி, கடிகாரத்தில் ஆறுமணி இருக்கும் பக்கமாகக் கூடு கட்டின.

"துப்பாக்கி தேஞ்சுபோச்சு. இருபது வருஷம் ஆச்சுல்ல," என்றாள் அவள்.

யாரும் மறுக்கவில்லை. அது போலீஸ்காரர்கள் கழித்துக்கட்டியபோது வாங்கிய பழைய ரிவால்வர். உருளை லேசாக ஆடும். விசை, மழையில் ஊறிய மரக்கதவை இழுப்பதுபோல நடுவில் ஒருமுறை சிக்கி நகரும்.

ஹைட்ருன் ரயில் ஓட்டுகிறவள். பெரிய ரயில் இல்லை. எங்கள் காட்டு வழியாக மலையேறிப் போகும் இரண்டு பெட்டி வண்டி. ஐம்பத்தாறு வயது. கணவனிடமிருந்து எப்போதோ பிரிந்தவள். ஏரிக்கரையில், விடுமுறையில் தங்க, ஒரு கேரவன் வண்டி வைத்திருந்தாள். அதை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் கையால் செய்த ரிவால்வருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று அவள் சொன்னபோது, லோதார் சாசேஜை வாயருகே பிடித்தபடி அப்படியே நின்றான்.

"எவ்வளவு?"

"ஆறாயிரத்து நானூறு."

"யூரோவா?"

"இல்ல, உருளைக்கிழங்கு."

லோதார் எங்கள் கிளப்பின் பழைய ஆள். வீடுகளுக்குக் கொதிகலன் பொருத்தும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவன். நாக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. "தாயே, அந்தத் தோட்டாவுக்குத் துப்பாக்கி என்ன விலைன்னு தெரியுமா? குழலை விட்டு வெளிய வந்தா அது பாட்டுக்குப் போகும். அறுநூறு யூரோவுக்குப் புதுசு வாங்கி, மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கிச் சுடு. ராணி மாதிரி சுடலாம்."

"நீ கொதிகலன் மாட்டினவன்யா. உனக்குக் கசிவு இல்லேன்னா போதும்."

"உனக்கு?"

அவள் விரல் மடங்கியது.

அந்த ரிவால்வரைச் செய்தவர் வீலாண்ட் என்பவர். பக்கத்துப் பள்ளத்தாக்கில், ஓடைக்கு மேலே, மூன்று பேர் மட்டும் வேலை செய்யும் பட்டறை. கைப்பிடிக்கு அளவெடுக்க ஹைட்ருனைக் கூப்பிட்டபோது என்னையும் உடன் அழைத்துப் போனாள். வீலாண்ட் அவள் கையைக் களிமண்ணில் பதியச் சொன்னார். பிறகு அவள் கையைத் தன் கையில் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஓடை ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ எஃகை அரத்தால் ராவும் ஓசை, ஒரே தாளத்தில், தூக்கம் வரும்படி கேட்டது. மேஜையில் அரைகுறையாகச் செய்த உருளை ஒன்று கிடந்தது. ஆறு துளை வழியாகவும் வெளிச்சம் வந்து மேஜைமேல் விழுந்திருந்தது.

"விசை எப்பிடி வேணும்?" என்று அவர் கேட்டார்.

ஹைட்ருன் யோசித்தாள். "ஸ்டேஷனை விட்டு வண்டி கிளம்புமே, எப்போ கிளம்புச்சுன்னு யாருக்கும் தெரியாம. அந்த மாதிரி."

வீலாண்ட் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் அவளுக்குக் கனவுகள் வந்தன. வண்டியில் அவள் ஓட்டுநர் அறையில் உட்கார்ந்திருப்பாளாம். முன்னே தண்டவாளத்துக்குப் பதிலாக நீளமான எஃகுக் குழல். உள்ளே சுழன்று சுழன்று போகும் வரிகள். வண்டி அதற்குள் சத்தமில்லாமல் சுழன்றுகொண்டே போகும். மறுமுனையில் வெள்ளையாக ஒரு வட்டம். "அந்த வட்டத்துக்குப் போய்ச் சேர்றதே இல்ல," என்றாள் என்னிடம். "ஆனா பயமா இல்ல. தாலாட்டுற மாதிரி இருக்கு." தூக்க மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், கனவு போய்விடும் என்றாள்.

ஆப்பிள் மரங்கள் பூத்திருந்த ஒரு சனிக்கிழமை ரிவால்வர் வந்தது. கிளப் மேஜைமேல் சாம்பல்நிறத் துணியை விரித்து, அதன்மேல் வைத்தாள். நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றோம். கரிய எஃகுக்குள் ஆழத்தில் நீலம் இருந்தது, சாயங்காலம் குளத்துத் தண்ணீரில் இருப்பதுபோல. வால்நட் கட்டையில் கைப்பிடி. உருளையைத் திருப்பினாள். அது சுற்றி வந்து நின்ற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. நின்றுவிட்டது என்று கண்ணால்தான் தெரிந்துகொண்டோம்.

லோதார் விடவில்லை. தன் கொட்டகையிலிருந்து இரும்புத் தாங்கி ஒன்றைக் கொண்டுவந்தான். துப்பாக்கியை அதில் இறுக்கிப் பூட்டினால் கை நடுக்கம், மூச்சு எதுவும் சேராது. துப்பாக்கி மட்டும் சுடும். முதலில் அவளுடைய பழைய ரிவால்வர், பிறகு புதியது. இருபத்தைந்து மீட்டர், ஐந்தைந்து தோட்டா. அட்டைகளை நான்தான் அளந்தேன். பழையதன் ஐந்து ஓட்டையும் நாற்பத்திரண்டு மில்லிமீட்டருக்குள். புதியதன் ஐந்தும் இருபத்துநான்குக்குள். ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, கிழிந்த பூ மாதிரி இருந்தது.

"பத்துப் புள்ளி வட்டம் எவ்வளவு அகலம்?" என்று லோதார் என்னைக் கேட்டான். தெரியாமலா கேட்கிறான்.

"அம்பது மில்லி."

"அப்ப ரெண்டுமே பத்து. அந்த ஓட்டை உடைசலும் பத்து, இந்த இளவரசியும் பத்து. கேரவனை வித்ததுக்கு என்ன கெடைச்சுது?"

"சும்மா இருய்யா," என்றாள் ஹைட்ருன். ஆனால் அவள் முகம் வெளுத்திருந்தது. பழைய துப்பாக்கி சரியாகத்தான் சுடுகிறது என்பதை அவளும் அப்போதுதான் பார்த்தாள்.

கோடை முழுக்க அவள் அந்தப் புது ரிவால்வரோடு சுட்டாள். நான் அட்டைகளை எண்ணினேன். முந்நூற்று அறுபத்தைந்து. முந்நூற்று அறுபத்து மூன்று. ஒருமுறை முந்நூற்று ஐம்பத்தொன்பது. ஓட்டைகள் முன்பைவிட நெருக்கமாக, ஆனால் அதே ஆறுமணிப் பக்கத்தில் விழுந்தன. முன்பெல்லாம் மோசமாகச் சுட்டால் துப்பாக்கியைத் திட்டுவாள், உருளையைத் தட்டுவாள், சிரிப்பாள். இப்போது எதையும் திட்டவில்லை. அட்டையை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். வீலாண்டுக்கு ஃபோன் செய்து குழல்மேல் இருக்கும் குறிபார்க்கும் முள்ளைச் சரிபார்க்கச் சொன்னாள். அவர் நேரில் வந்து, பத்துத் தோட்டா சுட்டுக்காட்டி, பத்தும் நடுவில் போட்டுவிட்டு, ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டுப் போனார்.

செப்டம்பரில் ஒரு மதியம் கிளப்பில் நாங்கள் மூவர்தான் இருந்தோம். லோதார் அவள் பக்கத்தில் போய் நின்றான். அன்றைக்கு அவன் குரலில் கிண்டல் இல்லை.

"உருளையைக் குடு. நான் தோட்டா போடறேன். நீ பார்க்காத."

அவள் திரும்பிக்கொண்டாள். அவன் சில துளைகளில் தோட்டாவும் சில துளைகளில் சுட்டு முடிந்த காலிக் கூடும் போட்டு, உருளையைச் சுழற்றி மூடிக் கொடுத்தான். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று சுடுகிறவளுக்குத் தெரியாது.

முதலாவது வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதற்கு அவள் விசையை இழுத்தாள். சுத்தியல் காலிக் கூட்டின்மேல் டிக் என்று விழுந்தது. துப்பாக்கியின் முனை சட்டென்று ஒரு சாண் கீழே இறங்கியது. யாரோ அவள் மணிக்கட்டை மேலிருந்து அடித்ததுபோல இருந்தது. அவள் கண்கள் மூடியிருந்தன.

நாங்கள் மூவருமே அதைப் பார்த்தோம். கண்ணைத் திறந்து, கீழே இறங்கியிருந்த தன் கையை அவள் யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பழைய துப்பாக்கியில இது தெரியல," என்றான் லோதார் மெதுவாக. "அந்த விசையே அப்பிடி உலுக்கும். உன் உலுக்கல் எது, அதோட உலுக்கல் எதுன்னு பிரிக்க முடியாது. இதுல ஒளிய இடம் இல்ல. வெடிக்கப்போகுதுன்னு உனக்குப் பயம்."

"பயம் இல்ல," என்றாள் ஹைட்ருன். ரிவால்வரைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். காதடைப்பானைக் கழற்றினாள். "இது சுடற கை இல்ல லோதார். இது பிரேக் அடிக்கிற கை."

பிறகு சொன்னாள். நான்கு வருடத்துக்கு முன்னால், இதே மாதத்தில், காலை ஆறே முக்கால். மலைச் சரிவில் பால் கொட்டியதுபோல மூடுபனி. முன்விளக்கின் வெளிச்சம் பத்து மீட்டரில் கரைந்துபோனது. அதற்குள் திடீரென்று மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஓர் ஆள் தண்டவாளத்தின் நடுவே குனிந்து நின்றாராம். முகம் தெரியவில்லை. மஞ்சள் மட்டும்தான். அவள் உள்ளங்கையால் அவசர பிரேக்கின் சிவப்புக் குமிழை ஓங்கி அடித்தாள். வண்டி அலறிக்கொண்டே போய் முந்நூறு மீட்டர் தள்ளி நின்றது. எதன்மேலாவது மோதியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்து திரும்பினாள். போலீஸ் வந்தது, நாயோடு தேடினார்கள். ரத்தம் இல்லை, துணி இல்லை, ஆள் இல்லை. ஊரில் யாரும் காணாமல் போகவும் இல்லை. வண்டியிலிருந்த நான்கு பயணிகளுக்கும் தொழில்நுட்பக் கோளாறு என்று சொன்னார்கள். மூன்று நாள் விடுப்பு கொடுத்தார்கள். மூடுபனி இப்படியெல்லாம் காட்டும் என்றார் மருத்துவர்.

"அதுக்கப்புறம் நான் யாருகிட்டயும் அதைப் பத்திப் பேசல. இன்னும் அந்த மஞ்சள் கண்ணுல நிக்குதுன்னு சொன்னா, இல்லாததப் பார்க்கிறவ கையில வண்டியைக் குடுப்பாங்களா? ஆனா தினம் அந்த வளைவுல போறேன். ஒவ்வொரு தடவையும் கை தயாரா இருக்கு. இங்க வந்தும் தயாரா இருந்திருக்கு. எனக்கே தெரியல."

லோதார் அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தான். சர்க்கரை எத்தனை என்று கேட்கவில்லை, மூன்று போட்டான். வெளியே வால்நட் மரத்திலிருந்து காய்கள் ஒவ்வொன்றாகத் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் அவள் கையைப் பார்த்தேன். அது சும்மா கோப்பையைப் பிடித்திருந்தது.

லோதாருக்கு ரகசியம் தங்காது. வீட்டில் மனைவியிடம் சொன்னான். அவள் செவ்வாய்க்கிழமை பாட்டுக் குழுவில் சொன்னாள். வியாழக்கிழமை என் கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர் என்னிடமே அந்தக் கதையைச் சொன்னார்; அதில் மஞ்சள் கோட்டுக்காரர் சுரங்கத்தில் செத்த ஒருவரின் ஆவியாகியிருந்தார். ஹைட்ருன் லோதாரிடம் இரண்டு வாரம் பேசவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை கிளப் வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். எழுபதை நெருங்கும் வயது, கட்டையான உருவம். கையில் துணி போட்டு மூடிய தட்டு. மேல்சரிவில் குடியிருக்கும் கெர்லிந்த. என் கடைக்கு வரும்போது காது கேட்கும் கருவிக்குப் பேட்டரி வாங்குவார். நேராக ஹைட்ருனிடம் போனார்.

"நீங்கதான் ரயில் ஓட்டறவங்களா?"

"ஆமா."

"பிளம்ஸ் பழம் வெச்ச கேக் செஞ்சு கொண்டாந்திருக்கேன். மொதல்ல இதை வாங்கிக்குங்க. அப்புறம் நான் சொல்றதைக் கேட்டுட்டு நீங்க திட்டலாம்." தட்டை மேஜையில் வைத்தார். "அந்த மஞ்சக் கோட்டு நான்தான்."

சுடுதளத்தில் சுட்டுக்கொண்டிருந்த இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

"காளான் பொறுக்கப் போனேன். அன்னிக்கு நல்ல பெரிய பெரிய காளான். குறுக்கு வழின்னு தண்டவாளத்தைத் தாண்டினேன். தாண்டக் கூடாதுன்னு தெரியும். கூடை கவுந்துபோச்சு. எல்லாம் கட்டைக்கு நடுவுல உருண்டுபோச்சு. விட மனசு வரல, குனிஞ்சு பொறுக்கினேன். காது வேற சரியில்ல. கல்லு அதிர்றது கால்லதான் தெரிஞ்சுது. அப்பிடியே பள்ளத்துல குதிச்சேன். கணுக்கால் பிசகிருச்சு. உங்க வண்டி நின்ன சத்தம் கேட்டுச்சு. மான் எதுவும் குறுக்க வந்திருக்கும்னு நெனைச்சேன். சத்தியமா அப்பிடித்தான் நெனைச்சேன். இந்தப் பனியில என்னை யாரு பார்த்திருக்கப் போறான்னு, அபராதம் போடுவாங்களேன்னு பயந்து, காட்டு வழியா நொண்டிக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டேன். போன வாரம் முடி வெட்டுற எடத்துலதான் கேள்விப்பட்டேன், நீங்க நாலு வருஷமா..."

ஹைட்ருன் எழுந்தாள். அடிக்கப்போகிறாளோ என்றுகூட எனக்கு ஒரு கணம் தோன்றியது. அவள் கெர்லிந்தவின் மணிக்கட்டைப் பிடித்தாள். கோட்டுக் கையை மேலே தள்ளிவிட்டு, தோலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். நாடி பார்ப்பதுபோல, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை காளான்?" என்று கேட்டாள் கடைசியில்.

"என்னது?" கெர்லிந்த காதைச் சாய்த்தார்.

"கீழ விழுந்தது எத்தனை?"

"பதினொண்ணு. ஏழு எடுத்தேன். நாலு கெடைக்கல."

"அந்த நாலு மேலயும் நான் ஏறிட்டேன்," என்றாள் ஹைட்ருன். உடனே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அழுகையாக மாறி மறுபடி சிரிப்பாவதற்குள் கெர்லிந்தவும் சேர்ந்துகொண்டார். இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். லோதார் கேக்கை வெட்டினான்.

கொஞ்ச நேரம் கழித்து ஹைட்ருனின் குரல் வேறு மாதிரி வந்தது. "எனக்குக் கோவமும் இருக்கு. ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம் நீங்க."

"பண்ணியிருக்கணும்," என்றார் கெர்லிந்த. "கோவப்படுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

அந்தக் கோபம் போக நாளாயிற்று. ஒருநாள் இருவரும் சேர்ந்து காட்டுக்குப் போனார்கள், அடுத்த மாதம் ஹைட்ருன் அவரைப் பார்த்தும் பாராமல் போனாள், மறுபடி போனார்கள். கையும் உடனே சரியாகிவிடவில்லை. குளிர்காலம் முழுக்க லோதார் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலிக் கூடுகளைக் கலந்து போட்டுக் கொடுத்தான். நான் பக்கத்தில் நின்று முனையைப் பார்த்தேன். ஒரு சாண் இறங்கியது அரைச் சாண் ஆயிற்று, பிறகு விரலளவு. பனி உருகும் காலத்தில் ஒரு மதியம் சுத்தியல் காலிக் கூட்டின்மேல் விழுந்தது. முனை அசையவில்லை. ஜன்னலில் படுத்திருந்த கிளப் பூனைகூட அசையவில்லை. ஹைட்ருன் அப்படியே குறிபார்த்தபடி நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "கிளம்பினதே தெரியல," என்றாள் யாரிடமோ.

மே மாதம் மாவட்டப் போட்டி. ஹைட்ருன் முந்நூற்று எண்பத்தொன்று சுட்டாள். இரண்டாம் இடம். முதலிடம் யூடித் என்ற பெண்ணுக்கு. கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். முந்நூற்று எண்பத்து நான்கு. அவளுடைய ரிவால்வரைப் பார்க்க நாங்கள் எல்லோரும் கூடினோம். யாரோ இறந்தபின் அவர் வீட்டில் ஏலத்தில் எடுத்ததாம், முந்நூற்று ஐம்பது யூரோ. கைப்பிடியில் சைக்கிள் டேப் சுற்றியிருந்தது.

லோதார் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "முந்நூத்தி அம்பது. டேப்பையும் சேர்த்து," என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

யூடித்துக்கு மட்டும் ஹைட்ருனுடையதைச் சுட்டுப் பார்க்க ஆசை. போட்டி முடிந்த தளத்தில் ஐந்து தோட்டா சுட்டாள். நாற்பத்தேழு புள்ளி. பிறகு உருளையைத் திறந்து, காலி என்று காட்டி, தூங்கும் குழந்தையைக் கைமாற்றுவதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா என்னோடதுல நான் நாப்பத்தெட்டு போடுவேன்," என்றாள். "தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு காசு குடுத்தது சரிதானா?"

"புள்ளிக்காகன்னா, இல்ல," என்றாள் ஹைட்ருன். "நீ வாங்காத. உனக்கு வேண்டியதில்ல."

"உங்களுக்கு?"

ஹைட்ருன் துணியால் குழலைத் துடைத்தாள். "கேரவன் ஞாபகம் சில நாள் வரும். ஏரியில காலையில குளிப்பேன்." பிறகு, "இதை விக்க மாட்டேன்," என்றாள்.

சாயங்காலம் என் காரில்தான் திரும்பினோம். லோதார் முன்னால், ஹைட்ருன் பின்னால். முதல் வளைவு தாண்டுவதற்குள் அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். கடுகு வயல்கள் மஞ்சளும் பச்சையுமாக இரண்டு பக்கமும் நழுவிப் போய்க்கொண்டிருந்தன. லோதார் திரும்பி அவளைப் பார்த்தான். வானொலியை அணைத்தான்.

"ஆத்தோரமாப் போயேன்," என்றான் தாழ்ந்த குரலில்.

அந்த வழி அரை மணி அதிகம். போனேன்.